பிராக் மாநாடு: பயண உதவியை நம்பிக் கிளம்பாதீர்கள்

சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறிய நாடுகளின் ஆய்வாளர்களுக்கென்று பிராகில் நடந்த மூன்று நாள் மாநாட்டுக்குப் போய் வந்தேன். அமர்வுகள் அருமை. செக்கோஸ்லோவாக்கியாவில் 1992இல் மக்களுக்குப் பங்குகளாக மாற்றிக்கொள்ளக்கூடிய கூப்பன் கொடுத்து அரசு நிறுவனங்களைத் தனியார்மயமாக்கினார்களே, அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். இடைவேளை வந்ததே தெரியவில்லை.

ஆனால் அந்தப் 'பயண உதவி' இருக்கிறதே! விமான டிக்கெட், விடுதி எல்லாம் முதலில் நம் கைக்காசு. ரசீது கொடுத்தால் பிறகு தருவார்களாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாஷ்கண்ட் மாணவி கடன் வாங்கி வந்திருந்தார். எனக்குப் பணம் வர நான்கு மாதம்.

அப்புறம், பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் தேடுபவர்கள் அதே ஊரில் 1991இல் தொடங்கிய செர்கே-இஐ (CERGE-EI) என்ற பொருளாதாரக் கல்வி நிறுவனத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் பாடம், உதவித்தொகையும் உண்டு.

மாநாட்டுக்கு ஐந்துக்கு மூன்று.