ஆப்பிள் ஸ்கிரீன் டைம்: பூட்டைவிட அறிக்கையே பயன் தருகிறது

ஆப்பிள் கருவிகளில் திரைப் பயன்பாட்டைக் கணக்கிட்டுக் காட்டவும் கட்டுப்படுத்தவும் உதவும், 2018ஆம் ஆண்டு ஐஓஎஸ் 12 இயங்குதளப் பதிப்புடன் வந்த ஸ்கிரீன் டைம் வசதியை, என் மகளின் தொடக்கப் பள்ளிக் காலத்து ஐபேடில் தொடங்கி இன்று அவளுடைய ஐபோன் வரை தொடர்ந்து பயன்படுத்தி வருகிறோம். சிறு வயதில் நேரக் கட்டுப்பாடு சொன்னபடி வேலை செய்தது: ஒதுக்கிய நேரம் முடிந்ததும் செயலியின் சின்னம் மங்கிவிடும், கூடுதல் நேரத்துக்கு என் அனுமதியைக் கேட்டாக வேண்டும். ஆனால் சாப்பிடும்போதும் படுக்கையிலும் திரையைத் தேடும் பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால், பதின்ம வயதில் கார்ட்டூன் இருந்த இடத்தில் குறுங்காணொளியும் அரட்டையும் வந்து அமர்கின்றனவே தவிர, அந்த வேளைகள் எளிதில் மாறுவதில்லை. கடவுக்குறியீட்டால் மட்டும் அதை மாற்றிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த வயதில் உண்மையாகவே கைகொடுப்பது ஸ்கிரீன் டைம் தரும் பயன்பாட்டு அறிக்கைதான். ஒரு நாளில் எத்தனை முறை கைபேசியை எடுத்தோம், எடுத்தவுடன் முதலில் திறந்த செயலி எது என்பதையெல்லாம் அது காட்டுவதால், திட்டாமல் உட்கார்ந்து பேச ஒரு பிடி கிடைக்கிறது. அதைப் பார்த்த பிறகு செயலிகள் பூட்டப்படும் இரவு ஓய்வு நேரத்தின் தொடக்கத்தை மகள் தானாகவே முன்னதாக மாற்றிக்கொண்டாள். பிள்ளைகளின் சிறு வயதிலேயே (2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார அமைப்பின் 2019ஆம் ஆண்டுப் பரிந்துரை) வேளைகளை வகுத்துவிட்டு, வளர்ந்தபின் கட்டுப்பாட்டைப் படிப்படியாக அவர்களிடமே ஒப்படைக்க விரும்பும் பெற்றோருக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.