எங்கள் ஒழுங்கையின் 19 பெயர்களை வெட்டிய கற்பட்டறை

2004 டிசெம்பர் 26 காலை, இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள தம்பிலுவிலில் எங்கள் ஒழுங்கையிலிருந்து 19 பேரைக் கடல் கொண்டுபோனது. ஞாயிற்றுக்கிழமை, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாள், பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் நின்றார்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட உயிர்கள் போன காலை அது. அதற்குள் 19 என்பது யார் கண்ணிலும் படாத எண். எங்களுக்கோ அது முழு ஒழுங்கை.

20ஆம் ஆண்டுக்குள் ஒரு நினைவுக்கல் நட வேண்டுமென்று வீட்டுக்கு வீடு காசு சேர்த்தோம். ஓய்வுபெற்ற வாத்தியார் என்பதால் கல் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. மூன்று இடம் ஏறி இறங்கி, கடைசியில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் பிரதான வீதியிலிருந்து கடற்கரைக்குத் திரும்பும் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தகரக் கொட்டிலில் வேலையைக் கொடுத்தோம். பெயர்ப்பலகை இல்லை. வாசலில் அம்மிகள், உள்ளே தும்பிக்கை முடியாத பிள்ளையார், மூலையில் கல்லறைப் பலகைகள். சிற்பிக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தன் பெயர் வெளியே வருவதை விரும்பவில்லை, அதனால் எழுதவில்லை.

மற்ற இரண்டு இடங்களிலும் முதல் கேள்வி கல்லின் அளவு. இவர் கேட்டது, "முதல் இருந்ததுக்கு என்ன நடந்த சேர்?"

முதல் இருந்தது 2005இல் ஒரு நிவாரண அமைப்பு கட்டிக் கொடுத்த சீமெந்துத் தூண். உப்புக்காற்று உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடித்துப் பருத்து, சீமெந்தை வெடிக்க வைத்துவிட்டது. உதவி செய்தவர்களின் பெயர் பெரிதாக, எங்கள் ஆட்களின் பெயர் சிறிதாக. மேலே நீலப் பெயின்ரில் வாய்பிளந்த ஒரு பெரிய அலை. அந்த அலையால் சின்னப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகப் பயந்தார்கள். அம்மாக்களும் போகவில்லை. வருஷத்தில் ஒரு நாள் மாலை போடுவதோடு சரி.

இருந்தும் புதுக் கல்லிலும் அலை வேண்டுமென்று எங்களில் பாதிப்பேர் நின்றார்கள். நடந்ததைக் காட்டாமல் என்ன நினைவு என்பது அவர்களின் வாதம். அது பிழையான வாதமில்லை. சிற்பியும் அதை மறுக்கவில்லை. "காத்தான்குடிப் பள்ளிவாசலை ஒருக்காப் பாத்துட்டு வாங்க சேர்" என்றார்.

கூடப் படிப்பித்த முஸ்லிம் நண்பர் ஒருவர் கூட்டிப்போனார். 1990 ஓகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு, இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுசைனியாப் பள்ளியிலும் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 100க்கும் மேற்பட்டவர்கள். மீரா பள்ளியின் சுவரில் குண்டு பாய்ந்த ஓட்டைகளை இன்றைக்கும் பூசாமல் வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு தமிழனாக நிற்பது எனக்கு இலேசாக இருக்கவில்லை. நண்பர் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதே ஓகஸ்டில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த எங்கள் சனங்கள் கொல்லப்பட்டதும் இரண்டு பேருக்கும் தெரியும். மனிதர் செய்த கொலைக்குச் சுவர்தான் சாட்சி. அதைப் பூசினால், நடக்கவில்லை என்று சொல்ல ஒருவன் வருவான். அந்த ஓட்டைகள் அங்கே இருக்கத்தான் வேண்டும்.

திரும்பி வந்து சொன்னபோது சிற்பி கேட்டார்: "கடல் வந்தது இல்லையெண்டு ஆரும் சொல்லுவாங்களா சேர்? உங்கட சனத்துக்குச் சாட்சி வேணுமா, ஆறுதல் வேணுமா?"

எங்கள் ஊர்க்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வைகாசியில் கண்ணகி அம்மனுக்குச் சடங்கு செய்கிறவர்கள் நாங்கள். புருஷனைப் பறிகொடுத்து மதுரையை எரித்துவிட்டு வந்தவளை, வழக்குரை படித்து, கடைசியில் குளிர்த்தி பாடி ஆற்றுகிறோம். அவளுடைய வழக்கு முழுவதையும் முதலில் படித்துக் கேட்ட பிறகுதான் குளிர்த்தி. அதனால் கல்லில் நாளும் நேரமும் பெயரும் வழக்காக இருக்கட்டும், மேலே அலைக்குப் பதிலாக வேப்பிலை வைத்த குளிர்த்திக் கும்பம் இருக்கட்டும் என்று முடிவானது. அலை கேட்டவர்களில் மூத்தவரான ஒரு மாமிதான் முதலில் "அது போதும் மனே" என்றார்.

பெயர்களை எந்த ஒழுங்கில் போடுவது என்பதற்கு இரண்டு கிழமை போனது. நான் அகரவரிசையில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். சிற்பி போனில் ஒரு படம் காட்டினார்: வியட்நாம் போரில் இறந்த அமெரிக்கப் படையினருக்காக 1982இல் வோஷிங்டனில் எழுப்பிய கறுப்புக் கிரனைட் சுவர். வடிவமைத்த மாயா லின் அப்போது மாணவி. 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள், அகரவரிசையில் இல்லை, இறந்த நாள் வரிசையில். எங்களுக்கோ எல்லாருக்கும் நாள் ஒன்று, நாழிகை ஒன்று. "அப்ப வளவு வளவாப் போடுவம்" என்றார். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். அக்காவின் வளவுக்குப் பக்கத்தில் தங்கச்சியின் வளவு, அதற்கடுத்தது சின்னம்மாவின் மகளுடையது. அந்த வரிசையில் பெயரைப் போட்டதும் கல்லிலேயே எங்கள் ஒழுங்கை எழும்பி நின்றது. இப்போது சனம் விரலை வைத்து வீடு வீடாகப் போகிறது.

இரண்டு இடத்தில் அவர் கையை நிறுத்தினார். ஒரு பொடியனின் பெயரில் 'ன'வா 'ண'வா என்று இரவு பத்து மணிக்கு அழைப்பு. மரணச் சான்றிதழில் ஒன்று, பள்ளிக்கூட இடாப்பில் ஒன்று. "பொடியன் தண்ட கொப்பியில எப்பிடி எழுதினான்?" என்று கேட்டார். என்னிடம் படித்த பொடியன், எனக்குத் தெரியும். அப்படியே வெட்டினார்.

மற்றது என் தங்கச்சியின் பிள்ளை. பிறந்த துடக்குக் கழியவில்லை, அதனால் பெயர் வைக்கவில்லை. பட்டியலில் 'பெண் குழந்தை' என்றுதான் எழுதியிருந்தேன். தங்கச்சியை நேரில் கூட்டிவரச் சொன்னார். "வீட்டில என்னெண்டு கூப்பிட்டீங்க அக்கா?" தங்கச்சி கனநேரம் கழித்து "குஞ்சு" என்றாள். அதுதான் கல்லில் இருக்கிறது. இருபது வருஷத்தில் எங்கள் குடும்பம் அந்தப் பிள்ளையின் பெயரை எழுத்தில் கண்டது அன்றுதான்.

வேலையைப் பற்றி. கல் ஐந்தடிக்கு மூன்றடி, இந்தியாவிலிருந்து வருகிற கறுப்புக் கிரனைட். பெயர்களை இயந்திரத்தில் விடாமல் உளியால், இரண்டு பக்கமும் சரிந்து அடியில் கூராக முடியும்படி வெட்டினார். வெயில் சாய்ந்தால் ஒரு பக்கச் சரிவில் நிழல் விழும், பெயின்ர் இல்லாமலே வாசிக்கலாம். மணலும் அதிகம் தங்குவதில்லை. எழுத்துக் கணக்கில்தான் கூலி; கொம்பும் காலும் சேர்ந்து மூன்று துண்டாக வெட்டினாலும் ஒரு எழுத்துக்குரிய காசுதான். கல், கூலி, லொறி எல்லாம் சேர்த்து எங்களுக்கு 240,000 ரூபாய் ஆனது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கார்த்திகையில் தருவதாகச் சொன்ன கல் டிசெம்பர் 24 இரவுதான் வந்து இறங்கியது. அந்த ஒரு மாதம் எனக்கு நித்திரை இல்லை. பற்றுச்சீட்டுத் தரமாட்டார், கொப்பியில் எழுதுவார். பலர் காசு போட்ட வேலைக்கு அது சரியில்லை. கடைசி வரியிலுள்ள திகதியை அவசரத்தில் உதவியாள் இயந்திரத்தால் வெட்டியிருக்கிறார். ஆழம் போதாது. ஓராண்டு கடந்து அடுத்த மாரியும் பெய்து ஓய்ந்த பிறகு பெயர்கள் அப்படியே இருக்க, திகதி மட்டும் பின்னேரத்தில் மங்கித் தெரிகிறது. திரும்ப வெட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், இன்னும் வரவில்லை.

இருந்தும் அங்கேதான் போகச் சொல்வேன். காலையில் போங்கள், மத்தியானம் கல் அரைக்கிற சத்தத்தில் பேச முடியாது. பட்டியலை மட்டும் கொடுத்தனுப்பாமல், இறந்தவர்களை வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் தங்கச்சி இப்போது பின்னேரங்களில் வேப்பிலைக்குக் கீழே மூன்றாம் வரியைத் துடைத்துவிட்டு வருகிறாள்.