மாறுவேட உடைகளுக்கான சுங்க ஆலோசனை: ஒரு மதிப்புரை

குழந்தைகளின் மாறுவேட உடைகளை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்ய நான் அமர்த்திய சுங்க முகவர், விலைப்பட்டியலை மட்டும் பார்த்துத் தீர்வையைத் தீர்மானிக்கும் சுங்க வகைப்பாட்டு எண்ணை எழுதிவிடாமல், ஒவ்வோர் உடையையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தே வகைப்படுத்தினார். ஓரம் மடித்துத் தைக்காமல், கழுத்தின் பின்னால் வெல்க்ரோ ஒட்டுநாடா மட்டும் வைத்த மெல்லிய இளவரசி அங்கியை விழாப் பொருள்களுக்குரிய 9505 என்ற எண்ணில் சேர்த்தார். ஜிப்பும் உள்துணியும் கொண்டு உறுதியாகத் தைத்த வீரர் உடையோ ஆடைகளின் பக்கம் போனது. பின்னலாடை என்றால் சுங்கத் தீர்வைப் பட்டியலின் அத்தியாயம் 61, நெய்த துணி என்றால் 62. தீர்வையில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் இந்தப் பிரிவு, உடை எந்தப் பாத்திரத்தைக் காட்டுகிறது என்பதைவிட அதன் தையலையே சார்ந்தது என்று அவர் பொறுமையாக விளக்கியது எனக்கு மிகவும் பயன்பட்டது. எழுத்துவடிவ அறிக்கை தாமதமாக வந்தது ஒன்றே குறை.