மரக்கன அளவு: லேசரா, நீண்ட அலை ரேடாரா?

ஒரு காட்டில் ஹெக்டேருக்கு எத்தனை கன மீட்டர் மரம் நிற்கிறது என்பதை விமானத்திலிருந்தே கணக்கிடுவதில் ஸ்வீடனுக்கு நீண்ட அனுபவம் உண்டு. அங்குள்ள ஸ்புரூஸ், பைன் காடுகளை வைத்தே லேசரையும் ரேடாரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குறுகிய அலை ரேடாரை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 3 முதல் 6 செ.மீ. அலைகள் உச்சிக் கிளைகளிலேயே பட்டுத் திரும்பிவிடும். காடு கொஞ்சம் அடர்ந்தாலே சிக்னல் கூடுவது நின்றுவிடும். பாதி வளர்ந்த காடும் முதிர்ந்த காடும் ஒன்றுபோலத் தெரியும்.

காராபாஸ் வேறு ரகம். ஸ்வீடன் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை, மரங்களுக்கு அடியில் மறைந்திருப்பவற்றைக் கண்டுபிடிக்க உருவாக்கிய விமான ரேடார் இது. 20 முதல் 90 மெகாஹெர்ட்ஸ்; அதாவது 3 முதல் 15 மீட்டர் அலைகள். இவ்வளவு நீண்ட அலைக்கு இலையும் சிறுகிளையும் ஒரு பொருட்டே இல்லை. அடிமரமும் தரையும் சேர்ந்த மூலையில் மோதித்தான் பெரும்பாலும் திரும்பி வருகிறது. ராணுவத்துக்கு இடைஞ்சலாக இருந்த அந்த எதிரொலிதான் வனத்துறையினருக்கு வேண்டிய தகவல். மற்ற ரேடார்கள் கைவிடும் அடர்ந்த, பருத்த காட்டில் இது தெளிவாகப் பேசுகிறது. ஆனால் சரிவான நிலத்தில் அந்த மூலை குலைந்து சிக்னல் விழுந்துவிடும். மெலிந்த இளமரங்களும் சரியாகத் தெரியாது. வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்பின் குறுக்கீடு வேறு.

இரண்டுக்கும் நடுவே சுமார் 70 செ.மீ. அலையுள்ள பி-அலைவரிசை இருக்கிறது. ஸ்வீடனின் ரெம்னிங்ஸ்டார்ப் காட்டில் 2007-இலும் கிரிக்லான் காட்டில் 2008-இலும் இதை விமானத்தில் சோதித்தார்கள். 2025 ஏப்ரலில் காடுகளை அளக்கும் ஐரோப்பாவின் பயோமாஸ் செயற்கைக்கோளும் இதே அலைவரிசையோடு விண்ணுக்குப் போனது. ஆனால் விண்வெளிப் பொருள்களைக் கண்காணிக்கும் ரேடார்களுக்கு இடையூறு வரக்கூடாது என்பதால் ஐரோப்பா, வட அமெரிக்கா மேல் அது இயங்க அனுமதி இல்லை. ஆகவே ஸ்வீடனுக்கு விமானம்தான் கதி.

சரி, லேசர்? 2009-இல் ஸ்வீடன் நாடு முழுவதையும் விமானத்திலிருந்து லேசரால் ஸ்கேன் செய்யத் தொடங்கியது. மர உயரத்தையும் தரை மட்டத்தையும் அது அளக்கும் நுணுக்கத்துக்கு ரேடார் ஈடாகாது. ஆனால் அடிமரத்தின் பருமனை அது நேரடியாக அளப்பதில்லை. உயரத்தையும் அடர்த்தியையும் களத்தில் அளந்த மாதிரி நிலத்துண்டுகளோடு பொருத்தித்தான் கன அளவு வருகிறது. ரேடாருக்கும் அந்தக் கள அளவு தேவைதான். விமானத்துக்குக் கீழே மேகம் இருந்தால் லேசர் வேலை நின்றுவிடும்.

2005 ஜனவரியில் குட்ரூன் புயல் தென் ஸ்வீடனில் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. அப்படிப்பட்ட நேரத்தில் இருட்டிலும் மேகத்துக்கு மேலிருந்தும் படமெடுக்கும் ரேடாரைத்தான் நான் அனுப்புவேன். நிதானமாகச் செய்யும் கணக்கெடுப்புக்கு என் ஓட்டு லேசருக்கே. முதிர்ந்த காடு அதிகமுள்ள சமவெளி என்றால் அதோடு நீண்ட அலை ரேடாரையும் சேர்ப்பேன். மேடுபள்ளமான நிலம் என்றால் ஒரே திசையில் பறந்து எடுத்த ரேடார் படத்தை நம்ப மாட்டேன். பல திசைகளிலிருந்து எடுத்தாக வேண்டும்.