எக்ஸாஸ்ட் வெப்ப மீட்டர் மாட்டக் கொடுக்கிறீர்களா? ஒரு நிமிஷம் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

என் டிரக் ஆறு சிலிண்டர் டர்போ டீசல். டிரெய்லர் கட்டிக்கொண்டு ஏற்றத்தில் இழுப்பதுதான் அதற்குப் பாதி வேலை. அந்த மாதிரி நேரத்தில் மிதித்தபடியே போனால் புகை வாயுவின் சூடு எகிறும், கூலன்ட் முள்ளோ ஒன்றும் தெரியாததுபோல நடுவிலேயே நிற்கும். தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டன் செய்கிற கலவை அதற்கும் முன்னாலேயே இளகத் தொடங்கிவிடும். டர்போவுக்கு (புகை வாயுவின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) முன்னால் 700 டிகிரியை நெருங்கினால் காலை எடுத்துவிட வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதைப் பார்க்கத்தான் மீட்டர் வாங்கினேன்.

ஒர்க்‌ஷாப்பில் முதலிலேயே ஒரு பேச்சு வந்தது. "டர்போவுக்குப் பின்னாடி பைப்ல போட்டுடலாம் அண்ணே, ஒரு மணி நேர வேலை" என்றார் மெக்கானிக். நான் ஒத்துக்கொள்ளவில்லை. டர்போவுக்குள் இருக்கும் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியே வரும் வாயு, லோடு இருக்கும்போது நூறு டிகிரிக்கு மேலேயே சூடு இழந்திருக்கும். அந்த வித்தியாசமும் ஒரே அளவாக இருக்காது. "சரி, மேனிஃபோல்டைக் கழற்றி டேபிள்ல வெச்சுத் துளை போட்டு, மரை வெட்டி, கழுவி, புது கேஸ்கெட்டோட மாட்டித் தர்றேன்" என்றார். மேனிஃபோல்டு என்பது எல்லா சிலிண்டர் புகையையும் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய், கேஸ்கெட் என்பது இணைப்பில் வாயு கசியாமல் இடையில் வைக்கும் தகடு. இரண்டு நாள் வேலை. கழற்றி மாட்டும் கூலி தனியாக, கேஸ்கெட் ஒரு செட் தனியாக. பில்லைப் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டு நிம்மதியாக வந்தேன்.

ஆறு மாதம் மீட்டர் சமத்தாக இருந்தது. எவ்வளவு இழுத்தாலும் 620, 630. வண்டி நல்ல ஆரோக்கியம் என்று எனக்கே ஒரு பெருமை. பிறகு டர்போவின் விசில் சத்தம் மாறி, கொசு ரீங்காரம் போலக் கீச்சிட ஆரம்பித்தது. இழுவையும் குறைந்தது.

வேறொரு பெரியவரிடம் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தவர், "இதைக் கழற்றினதா யார் சொன்னது?" என்றார். மேனிஃபோல்டு நட்டுகளைக் காட்டினார். துரு நட்டையும் ஸ்டட்டையும் ஒரே தோலாக மூடியிருந்தது. ஒன்றில்கூட ஸ்பானர் பட்ட பளபளப்பு இல்லை. புதிதாக இருந்தது, துளைக்குள் செருகிச் சூட்டை அளக்கும் முனையான புரோப் ஒன்றுதான்.

டர்போவை இறக்கினால், டர்பைன் இறக்கைகளின் ஓரம் எலி கொறித்த மாதிரி. மேனிஃபோல்டுத் துளையின் உள்விளிம்பில் டிரில் விட்டுப்போன பிசிறு அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. லட்சம் முறைக்கு மேல் ஒரு நிமிஷத்தில் சுழலும் சக்கரத்துக்கு ஒரு சிறு இரும்புச் சுருள் போதும் என்றார் பெரியவர். நேர்மையாகச் சொல்கிறேன், கழற்றாமல் துளைப்பதே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். டிரில்லில் கிரீஸ் அப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகத் துளைத்து, காந்தம் விட்டுத் தூளை எடுக்கும் கவனமானவர்கள் இருக்கிறார்கள். கழற்றினேன் என்று கூலி வாங்கியதுதான் திருட்டு.

இதைவிட வயிற்றெரிச்சல் வயர் விஷயம். புரோப் என்பது கே டைப் தெர்மோகப்பிள், அதாவது இரண்டு உலோகங்கள் சேரும் இடத்தின் சூட்டைச் சிறு மின்னழுத்தமாகக் காட்டும் உணரி. அதன் வயர் சாதாரண வயர் அல்ல. இரண்டு வேறு உலோகக் கலவைகள், அவை மீட்டர் வரைக்கும் போக வேண்டும். நீளம் போதவில்லை என்று இவர்கள் எஞ்சின் பக்கத்திலேயே வெட்டி, செம்பு வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். இப்படி ஒட்டினால் ஒட்டின இடம் மீட்டர் இருக்கும் கேபினைவிட எவ்வளவு கூடுதல் சூடோ அவ்வளவும் கணக்கிலிருந்து கழிந்துபோகும். கேபின் 30 டிகிரி, ஒட்டு 100 டிகிரி என்றால் மீட்டர் 70 டிகிரி குறைத்துக் காட்டும். நான் பெருமைப்பட்ட 630 உண்மையில் 700.

நம்ப முடியாமல் சோதித்துப் பார்த்தோம். எஞ்சின் ஆறியிருக்கும்போது புரோப்பைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் விட்டார். மீட்டர் 99 காட்டியது. "சரியாத்தானே இருக்கு?" என்றேன். பேசாமல் ஹீட் கன்னை எடுத்து அந்த டேப் சுற்றிய ஒட்டின் மேல் பிடித்தார். தண்ணீர் கொதித்துக்கொண்டேதான் இருந்தது. எண் 90, 75, 60 என்று இறங்கியது. கை நடுங்கிவிட்டது எனக்கு.

மாட்டக் கொடுப்பவர்களுக்கு: மேனிஃபோல்டு டேபிளில் இருக்கும்போது போட்டோ கேளுங்கள், பழைய கேஸ்கெட்டைத் திருப்பிக் கேளுங்கள். வயரை வெட்டக்கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். நீளம் போதாவிட்டால் கே டைப் நீட்டிப்பு வயரே கடையில் கிடைக்கிறது. நிறத்தையும் கவனியுங்கள்: அமெரிக்க முறை வயரில் சிவப்புதான் நெகட்டிவ், மஞ்சள் பாசிட்டிவ். பேட்டரி பழக்கத்தில் மாற்றிக் கொடுத்தால் சூடு ஏற ஏற எண் இறங்கும். சந்தேகம் வந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள், நெகட்டிவ் வயர் ஒட்டும்.

முதல் ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டதற்கு, "ஆறு மாசம் ஓடின வண்டிக்கு நாங்க என்ன அண்ணே பண்ண முடியும்" என்றார்கள். டர்போ புதிது, புரோப் புதிது, எல்லாம் என் கைக்காசு. பெரியவர் மேனிஃபோல்டை இறக்கியபோது வெளியே வந்த கேஸ்கெட், வண்டி வாங்கிய நாளில் இருந்த அதே கேஸ்கெட். அதையும் அந்தப் பில்லையும் சேர்த்து ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.