குரோம்பேட்டையில் ஒரு பிளாட்: குடியிருந்தும் வாடகைக்கு விட்டும் பார்த்தது

சென்னையில் எந்தப் பகுதியில் பிளாட் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் காலி செய்த பிறகு அந்த வீட்டுக்கு யார் குடிவருவார்கள்? "நாங்கதானே இருக்கப் போறோம்" என்று பதில் வரும். இன்றைக்குச் சரி. நாளைக்கு வேலை மாறும், பிள்ளைகளின் படிப்பு வரும், ஊரில் அப்பா அம்மாவுக்கு முடியாமல் போகும். வீடு மட்டும் வாங்கிய இடத்திலேயே இருக்கும்.

2013இல் சென்னையின் தென்புறநகரான குரோம்பேட்டையில் ஒரு பழைய பிளாட் வாங்கினேன். 2019 கடைசி வரை குடும்பத்தோடு அங்கேதான் இருந்தோம். பெங்களூருக்கு மாற்றல் வந்ததும் வாடகைக்கு விட்டோம், இன்றுவரை வாடகையில்தான் ஓடுகிறது. மூன்று மாடிக் கட்டடம், 850 சதுர அடி, இரண்டு படுக்கையறை, கைமாறி வந்த வீடு, லிஃப்ட் இல்லை. விலை 42 லட்சம். அதே பணத்துக்கு அன்று பெரும்பாக்கம் பக்கம் புது வளாகத்தில் இதைவிடப் பெரிய வீடு, நீச்சல் குளம், ஜிம் எல்லாம் கிடைத்திருக்கும். வீட்டில் அதைத்தான் எல்லோரும் விரும்பினார்கள். மடிப்பாக்கமும் பார்த்தோம், அப்போது நாங்கள் பார்த்த தெருக்களில் பாதாளச் சாக்கடை இல்லை, கழிவுநீர் லாரிக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்றார்கள், அதோடு விட்டோம். அம்பத்தூர் என் அலுவலகத்துக்கு நேர் எதிர்த்திசை.

பெரும்பாக்கம் உட்பட ஓ.எம்.ஆர். (ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் போகாததற்கு எனக்கு இருந்த காரணம், அங்கே வாடகைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே தொழில்காரர்கள் என்பது. ஐ.டி. நன்றாக இருந்தால் வாடகை ஏறும், தும்மினால் எல்லா வீடும் ஒரே நேரத்தில் காலியாகும். 2020இல் அதுதான் நடந்தது. கொரோனா வந்து எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும் சோழிங்கநல்லூர், நாவலூர் பக்கம் இருந்த இளைஞர்கள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். என் நண்பர் ஒருவருக்கு அங்கே இரண்டு வீடு. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன, வளாகத்தின் பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் கையிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார்.

குரோம்பேட்டையில் அப்படி ஆகவில்லை. இங்கே குடிவருகிறவர்கள் பல திசையிலிருந்து வருகிறார்கள். எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் இருக்கிறது. நகரிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலை நெடுக மருத்துவமனைகள், பள்ளிகள், துணிக்கடைகள். விமான நிலையம் பக்கம். தாம்பரத்தில் விமானப்படைத் தளம். எங்கள் வீட்டில் முதலில் வந்தது ஒரு ஆசிரியர் குடும்பம். அப்புறம் தனியார் மருத்துவமனையில் வேலை செய்யும் கேரளத்துச் செவிலியர் ஒருவரும் அவர் கணவரும். இப்போது இருப்பவர் மெப்ஸில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஒருவர் காலி செய்து அடுத்தவர் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனதில்லை. வாடகை ஓ.எம்.ஆர். அளவுக்குத் தாவி ஏறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இறங்கவும் இல்லை.

ரயில் இன்னொரு காரணம். கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931இலிருந்து மின்ரயில் ஓடுகிறது. நகரின் பாதியை அடைய பத்து ரூபாய் டிக்கெட் போதும். தரகர்கள் எல்லாப் பகுதியிலும் "மெட்ரோ வரப் போகுது சார்" என்று விலையை ஏற்றுவார்கள். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை, குரோம்பேட்டை வழியாகவே, மெட்ரோவை நீட்டும் திட்டமும் பல வருடமாகப் பேச்சில் இருக்கிறது. வரட்டும், நல்லதுதான். வராத மெட்ரோவுக்கு இன்றைக்கே பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ரயிலுக்குக் கொடுக்கலாம். 2023 டிசம்பர் கடைசியில் தென்மாவட்டப் பேருந்துகளுக்காக நகருக்கு வெளியே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததை நகரத்துக்குள் இருப்பவர்கள் இன்னமும் திட்டுகிறார்கள். தென்மாவட்டத்துக்காரனான எனக்கு அது வசதி. பொங்கலுக்குக் கோயம்பேடு வரை போய்த் திரும்பி இதே ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்ந்து வரும் வேலை ஒழிந்தது.

நாங்கள் இருந்தபோது தொல்லை ரயில்வே கேட். தண்டவாளத்துக்குக் கிழக்கே ராதாநகர்ப் பக்கம் வீடு பார்த்தால் தண்டவாளத்தைக் கடப்பதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். ரயில் நிலையம் கூப்பிடு தூரம் என்பார்கள், கேட் மூடியிருந்தால் பள்ளி வேன் நின்ற நேரம் தனி. அங்கே தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை கட்டும் வேலை வருடக்கணக்கில் இழுத்ததை அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை மதியம் போகாதீர்கள். திங்கள் காலை எட்டரைக்குப் போய்ப் பாருங்கள்.

இனி தண்ணீர். சென்னையில் பகுதி தேர்வதென்றால் பாதி விஷயம் இதுதான், அதிகம் வருகிறதா, வராமலே போகிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

2015 டிசம்பரில் அடையாற்றின் கரையோரம் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் முதல் மாடி வரை தண்ணீர் ஏறி மக்களைப் படகில் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருவில் முழங்கால் அளவு, ஓரிரு நாளில் வடிந்துவிட்டது. இதை வைத்துக் குரோம்பேட்டை மேடு என்று முடிவு கட்டிவிடக்கூடாது. கிழக்கே சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகள் ஒரு சங்கிலி. ஒன்று நிறைந்தால் உபரி நீர் அடுத்ததற்குப் போகும், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும். அந்த வழியில் அமைந்த தெருக்கள் ஒவ்வொரு பெருமழைக்கும் நனையும். ஒரே பின்கோடு, இரண்டு தெரு தள்ளி வேறு உலகம். 2022இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்பு நிலத்தைச் சுற்றி வாங்குவது பற்றிச் சொல்லவே வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் ஒரு வளாகத்துக்குள் கார்கள் மிதந்து போன வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாங்கள் முதலில் ஆசைப்பட்ட பெரும்பாக்கமும் அந்த வாரம் தண்ணீரில்தான் நின்றது.

தெருவின் உயரத்தைத் தரகரிடம் கேட்டுப் பயனில்லை. மூலையில் வண்டி வைத்திருக்கும் இஸ்திரிக்காரரைக் கேளுங்கள். எந்த வருடம் எதுவரை வந்தது என்று கையால் காட்டுவார். தரைத்தளத்தில் கரண்ட் மீட்டர் பெட்டியைப் பாருங்கள். பக்கத்துக் கட்டடங்களிலெல்லாம் அது இடுப்பு உயரத்திலிருந்து தலைக்கு மேல் ஏறியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். இன்னொன்று, சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் பழைய கட்டடங்கள் பள்ளமாகிவிட்டன. எங்கள் கட்டடத்தின் வாசலே இப்போது சாலையைவிட ஒரு படி கீழே.

அடுத்தது வறட்சி. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம், நாங்கள் அங்கேதான் இருந்தோம். ஓ.எம்.ஆரில் சில கம்பெனிகள் தண்ணீர் இல்லை என்று ஊழியர்களை வீட்டிலேயே இருக்கச் சொன்ன காலம். எங்கள் ஆழ்துளைக் கிணறு நின்று நின்று வந்தது, லாரி வாங்கினோம், ஆனால் கட்டடத்தில் இருப்பதே பன்னிரண்டு வீடுகள் என்பதால் ஒரு லாரி நாலு நாள் ஓடியது. நூற்றுக்கணக்கான வீடுகள் உள்ள வளாகத்துக்கு ஒரு நாளைக்கே எத்தனை லாரி என்று எண்ணிப் பாருங்கள்.

அளவு இப்படி, தரம் வேறு கதை. குரோம் லெதர் கம்பெனி காலத்திலிருந்து தோல் பதனிடும் தொழில் நடந்த பகுதி இது. நாகல்கேணிப் பக்கம் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது பல ஆய்வுகளில் வந்த விஷயம். நாங்கள் வாங்கும் முன் ஒரு பாட்டில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்தோம். உலோகம் இல்லை, உப்பு அதிகம் என்று வந்தது. குளிக்க, துவைக்கச் சரி. குடிக்கக் கேன். பாத்ரூம் குழாயெல்லாம் மூன்று வருடத்தில் வெள்ளைப் படிவு கட்டும். வாடகைக்கு வருகிறவர்களின் முதல் புகார் எப்போதும் கீசர்தான், காரணம் இந்த உப்பு. குடித்தனக்காரர் மாறும்போதெல்லாம் கீசர் காயிலை மாற்றும் செலவை நான் இப்போது தானாகவே போட்டுவிடுகிறேன்.

சரி, வரவு செலவு. இப்போது வாடகை மாதம் 18,000. வருடத்துக்கு 2,16,000. சொத்து வரி, காலியாக இருக்கும் சில வாரங்கள், வெள்ளையடிப்பு, பிளம்பர், மோட்டார் பழுதுக்கு என் பங்கு எல்லாம் போகக் கையில் நிற்பது சுமார் 1.8 லட்சம். வீட்டின் இன்றைய விலை 60 லட்சம் என்று வைத்தால் 3 சதவீதம். வங்கி வைப்புத்தொகைக்கு இதைவிட அதிகம் கிடைக்கும். வாடகையே கடன் தவணையைக் கட்டிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சென்னையில் எந்தப் பகுதியிலும் அந்தக் கணக்கு எனக்கு வந்ததில்லை. நாங்கள் அதில் வாழ்ந்த வருடங்களில் வாடகை மிச்சமானதையும் சேர்த்தால்தான் கணக்கு கொஞ்சம் சுகப்படுகிறது.

வாங்கும்போது விலைக்கு மேல் ஆகும் செலவும் வீட்டைப் பொறுத்து மாறும். கைமாறும் பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பில்டரிடம் முதல் விற்பனையாக வாங்கும் பிளாட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து மனை, கட்டடம் சேர்த்த மதிப்பில் 50 லட்சம் வரை மொத்தம் 6, அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். பழைய வீட்டில் இதற்கு ஈடாகக் கிடைப்பது மனைப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் நமக்குள்ள பங்கு. விமான நிலையம் பக்கம் என்பதால் எங்கள் பகுதியில் உயரமாகக் கட்ட ஆயிரம் கட்டுப்பாடு. தாழ்வான கட்டடம், குறைவான வீடுகள். 850 சதுர அடி வீட்டுக்குப் பத்திரத்தில் 480 சதுர அடி பிரிக்கப்படாத மனை எனக்கு இருக்கிறது. நான் பார்த்த உயரமான வளாகங்களின் பத்திரங்களில் இதில் பாதி கூட இல்லை.

பகுதி தேர்வதைப் பற்றிப் பேசுகிறவர்கள் விட்டுவிடுவது அடுக்குமாடிச் சங்கத்தை. யாருக்கு வாடகைக்கு விடலாம் என்பதைச் சட்டத்தைவிடச் சங்கம்தான் தீர்மானிக்கிறது. செவிலியர் குடும்பம் வந்தபோது சங்கச் செயலாளர் எனக்குப் போன் செய்தார். "சார், அவங்க அசைவமாமே?" "ஆமா சார், நானும்தான்" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. ஆறு வருடம் பக்கத்து வீட்டில் இருந்த என் வீட்டு மீன் குழம்பு அவருக்கு மணக்கவில்லை போலிருக்கிறது. உரிமையாளர் சமைத்தால் மணக்காது, வாடகைக்காரர் சமைத்தால் தெருவே மணக்கும். அந்தக் குடும்பம் மூன்று வருடம் இருந்தது. காலி செய்யும்போது அதே செயலாளர்தான் வேன் பிடித்துக் கொடுத்தார். ஆனால் எல்லா இடத்திலும் இப்படி முடியாது. சைவம் மட்டும், குடும்பம் மட்டும், தனியாக இருக்கும் பெண்களுக்கு இல்லை என்று எழுதாத விதி வைத்திருக்கும் கட்டடத்தில் வாங்கினால், உங்கள் வீட்டுக்கு வரக்கூடியவர்களில் பாதிப்பேரை யாரோ ஒருவர் வாசலிலேயே திருப்பி அனுப்புவார். முன்பணம் கொடுப்பதற்கு முன் மொட்டைமாடியில் துணி காயப்போடும் யாரிடமாவது இதைப் பேசிப் பாருங்கள்.

முன்பணம் என்றதும் வாடகை முன்பணமும் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் வரம்பு. பெங்களூரில் நானே வாடகைக்காரன், பத்து மாதம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனாலோ என்னவோ என் வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு மேல் கேட்க மனம் வரவில்லை.

லிஃப்ட் இல்லாதது பற்றி இரண்டு தரப்பும் உண்டு. மாதப் பராமரிப்பு குறைவு, அதனால் வாடகைக்காரருக்கு மொத்தச் செலவு குறைவு. ஆனால் இரண்டாவது மாடி என்றதும் வயதானவர்கள் உள்ள குடும்பம் திரும்பிப் போய்விடும். என் அம்மாவே கடைசி இரண்டு வருடம் கீழே இறங்குவதைக் குறைத்துவிட்டார்கள். நாங்கள் திரும்பி வந்து அங்கே குடியேறுவோமா என்று கேட்டால், இதை நினைத்துத்தான் தயங்குகிறேன்.

இப்போது கட்டடத்துக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஒரு பில்டர் வந்து, இடித்துக் கட்டித் தருகிறேன், லிஃப்டோடு கொஞ்சம் பெரிய வீடு என்று பேசிவிட்டுப் போயிருக்கிறார். 2022இல் இயற்றிய அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். எங்கள் பன்னிரண்டில் ஏழு பேர் தயார். கட்டி முடியும் வரை வாடகை வருமானம் நிற்கும், என் மனைப் பங்கும் சுருங்கும். மனைப் பங்கு எவ்வளவு மிஞ்சும், புது வாசல் சாலையைவிட எத்தனை அடி உயரத்தில் வரும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால்தான் எட்டாவது கையெழுத்து.