ரிவால்வர்: பார்லோஃபோன் மோனோவா, கேபிடல் பதிப்பா?

பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ பழைய எல்.பி. தேடுகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த நாட்டுப் பதிப்பு என்பதை. 1966 ஆகஸ்ட் 5-ல் லண்டனில் பார்லோஃபோன் நிறுவனம் வெளியிட்டதில் 14 பாட்டு. மூன்று நாள் கழித்து அமெரிக்காவில் கேபிடல் வெளியிட்டதில் 11 தான். அட்டைப்படம் இரண்டிலும் கிளவுஸ் ஃபோர்மன் வரைந்ததே. நான் தேர்ந்தெடுத்தது பார்லோஃபோன் மோனோ, அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும் பதிப்பு. பட்டியல் எண் பி.எம்.சி. 7009. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

கேபிடலில் விடுபட்டவை ‘ஐ’ம் ஒன்லி ஸ்லீப்பிங்’, ‘அண்ட் யுவர் பேர்ட் கேன் சிங்’, ‘டாக்டர் ராபர்ட்’. ஜூனிலேயே ‘யெஸ்டர்டே அண்ட் டுடே’ தொகுப்புக்கு அவற்றை எடுத்துக்கொண்டார்கள். மூன்றுமே குழுவின் ஜான் லெனன் பாடியவை. அதனால் அமெரிக்கத் தட்டில் அவர் முன்னின்று பாடுவது இரண்டே பாட்டு. பக்கத்துக்கு ஒன்றாகக் கடைசியில் கிடக்கின்றன. குழுவின் இன்னொரு பாடகர் மெக்கார்ட்னியும் லெனனும் மாறி மாறி வரும் அந்த இழுபறிதான் இந்த ஆல்பத்தின் உயிர். அது கேபிடலில் இல்லை.

மோனோவை ஏன் சொல்கிறேன்? ஒலியை இடம், வலம் என்று பிரித்துத் தரும் ஸ்டீரியோவில் ‘எலினார் ரிக்பி’யின் முதல் வரியைக் கவனியுங்கள். இரட்டைக் குரல் ஓரெழுத்து தாமதமாக அணைந்து, குரல் சட்டென்று வலப்பக்கம் தாவும். மோனோவில் இந்தத் தொல்லை இல்லை. ‘காட் டு கெட் யூ இன்டு மை லைஃப்’ மோனோவில் இன்னும் கொஞ்ச நேரம் ஓடித்தான் அடங்கும். அந்தக் கடைசி நொடிகளில் மெக்கார்ட்னி கத்துவதே வேறு.

வாங்கும்போது தட்டின் நடுவே, லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இரண்டாம் பக்கத்தில் எக்ஸ்.இ.எக்ஸ். 606-1 என்ற எண் பொறித்திருந்தால், ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாட்டின் மாற்று மிக்ஸ் (குரலையும் கருவிகளையும் சேர்த்த வேறு கலவை) அதில் இருக்கிறது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் கடைசி நேரத்தில் மனம் மாறி வேறு மிக்ஸைப் போடச் சொல்வதற்குள் அச்சான பிரதிகள் அவை. விலை எகிறும். அதைத் துரத்த வேண்டாம். 606-2, 606-3 போதும்.

துரத்த வேண்டியது தேயாத கடைசிப் பாட்டை. தட்டின் விளிம்பில் முள்ளுக்கடியில் நொடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. வரி (ஒலி பதிந்த பள்ளம்) ஓடுகிறது. லேபிளருகே அது 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்து இருப்பதால் அங்கேதான் தேய்மானம் முதலில் காட்டும். ‘டுமாரோ நெவர் நோஸ்’ இருப்பதோ சரியாக அந்த இடத்தில். ரிங்கோவின் டிரம், வளையமாக ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்ட ஒலிநாடாக்களின் கீச்சொலி, சுழலும் ஸ்பீக்கர் வழி வந்த லெனன் குரல் எல்லாம் ஒரே நெரிசல். அறுபதுகளின் கனமான பிக்கப் முள் உழுத தட்டில் இந்தக் குரல் கரகரத்து உடையும். பார்வைக்குப் பளபளவென்று இருக்கும் தட்டிலும் இந்தச் சேதம் ஒளிந்திருக்கும். கழுவினாலும் போகாது, அழுக்கு போகும், தேய்ந்த வரி திரும்பாது. ஆகவே கடையில் முதல் பாட்டான ‘டாக்ஸ்மேன்’ போட்டுக் காட்டினால் நிறுத்தச் சொல்லி, இரண்டாம் பக்கத்தின் கடைசி ஒரு நிமிடத்தைக் கேளுங்கள். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தானை அமுக்கியே கேளுங்கள். மேலும் கீழுமாக வரும் சொடசொடப்பு அதில் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் குரல் உடைந்தால் அது தேய்மானமேதான். விட்டுவிடுங்கள்.

கேபிடலுக்கும் ஒரு நியாயம் உண்டு. அமெரிக்காவில் இருப்பவருக்கு அது எளிதில் கிடைக்கும். வானவில் வளையம் போட்ட கறுப்பு லேபிளும் தடித்த அட்டையும் அழகு. ஆனால் விடுபட்ட மூன்றுக்காக ‘யெஸ்டர்டே அண்ட் டுடே’யும் வாங்க வேண்டும். அதன் முதல் ஸ்டீரியோ அச்சுகளில் இந்த மூன்றும் மோனோவிலிருந்து செயற்கையாகப் பிரித்த போலி ஸ்டீரியோ. அங்கேயும் மோனோவைத்தான் எடுக்க வேண்டும். அதிலுள்ள ‘ஐ’ம் ஒன்லி ஸ்லீப்பிங்’ மிக்ஸ் பிரிட்டிஷ் மிக்ஸிலிருந்து வேறு. தலைகீழாக ஓடும் கிதார் வேறு இடங்களில் நுழையும். அதற்காக மட்டும் இதைத் தேடுகிறவர்கள் உண்டு, தப்பில்லை.

பழைய தட்டில் சுத்தமான கடைசிப் பாட்டு கிடைக்கவில்லையா, 2014-ல் மூல நாடாவிலிருந்து கணினி வழி போகாமல் வெட்டிய மோனோ மறுபதிப்பை வாங்குங்கள். 14 பாட்டும் மோனோ மிக்ஸில் இருக்கிறது.